நாம எந்தக் கட்சி, நைனா?

தேர்தல் நெருங்கிவிட்டால் எங்கள் வேலூர் மாவட்டத்துக் குடியாத்தம் பக்கத்து டீக்கடைகளில் நாலு வயதுக் குழந்தையைக்கூடச் சும்மா விடமாட்டார்கள். மடியில் உட்காரவைத்துக்கொண்டு, "நீ எந்தக் கட்சிடா?" என்று கேட்பார்கள். குழந்தை இரண்டு விரலைத் தூக்கிக் காட்டும். இல்லாவிட்டால் ஐந்து விரலையும் விரித்துக் காட்டும். இரட்டை இலை என்ன, உதயசூரியன் என்ன என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. எத்தனை விரலைக் காட்டினால் அப்பாவின் முகம் மலரும், எத்தனை விரலைக் காட்டினால் சித்தப்பா செல்லமாகத் தலையில் குட்டுவார் என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

பெற்றோரின் அரசியல் ஒரு பிள்ளைக்குள் இப்படித்தான் முதலில் நுழைகிறது. கொள்கை பிறகுதான் வரும். சில சமயம் வராமலேயே போய்விடும்.

சமூக அறிவியல் பாடம் நடத்துகிறவன் என்பதால் இந்த விஷயம் என் கண்ணில் அடிக்கடி படுகிறது. ஆறாம் வகுப்பில் உள்ளாட்சி பற்றிப் பாடம் எடுத்தால், கை தூக்குகிற பிள்ளைகள் பாதிப்பேர் புத்தகத்திலிருந்து பேசுவதில்லை, வீட்டிலிருந்து பேசுகிறார்கள். அந்தப் பேச்சு எப்படி உருவாகிறது என்பதற்கு ஒரு தனி ஆய்வுத்துறையே இருக்கிறது. அதற்கு 'அரசியல் சமூகமயமாதல்' என்று பெயர். பெயர்தான் கனமாக இருக்கிறது, விஷயம் எளிதானது. யாரும் கட்சிக்காரராகப் பிறப்பதில்லை. அதிகாரம் யாரிடம் இருக்கிறது, நம்மவர் யார், எதிராளி யார், எதற்குக் கோபப்பட வேண்டும், எதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடலாம் என்பதையெல்லாம் வளரும்போதே கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிக்கொள்கிறோம். வீடு, தெரு, பள்ளி, கோயில், பள்ளிவாசல், தேவாலயம், நண்பர்கள், டிவி, இப்போது செல்போன் என்று இதில் எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. வீடுதான் முதலில் ஆரம்பிக்கிறது. இங்கே வீட்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பெற்றோர் என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பதைவிட, பிள்ளைக்கு அது எப்படிப் போய்ச் சேர்கிறது என்பதுதான் நமக்கு வேண்டியது.

எது ஒட்டுகிறது, எது ஒட்டுவதில்லை

1965-ல் அமெரிக்காவில் கென்ட் ஜென்னிங்ஸ், ரிச்சர்ட் நீமி என்ற அறிஞர்கள் ஒரு பெரிய ஆய்வு செய்தார்கள். 97 பள்ளிகளில் கடைசி வகுப்புப் படித்த 1,669 மாணவர்களைப் பேட்டி எடுத்தார்கள். அவர்களுடைய பெற்றோரையும் தனியாகப் பேட்டி எடுத்தார்கள். பிள்ளை சொன்னதைக் கேட்டுப் பெற்றோர் கருத்தை ஊகிக்காமல், இருவரிடமும் நேரடியாகக் கேட்டதுதான் அந்த ஆய்வின் பலம். எந்தக் கட்சி என்ற கேள்வியில் பெற்றோரும் பிள்ளையும் பெரும்பாலும் ஒரே பக்கம் நின்றார்கள். குறிப்பிட்ட பிரச்சினைகளில் உன் கருத்து என்ன என்று கேட்டதும் ஒற்றுமை குறைந்தது. அரசியல்வாதிகளை நம்பலாமா என்பது போன்ற பொதுவான மனப்பான்மையில் அப்பனுக்கும் பிள்ளைக்கும் அநேகமாகச் சம்பந்தமே இல்லை.

கட்சி ஒட்டிக்கொள்கிறது, காரணம் ஒட்டிக்கொள்வதில்லை. ஏன் அப்படி?

கட்சி கண்ணுக்குத் தெரியும், காதில் விழும், தினமும் வரும். அமெரிக்காவிலேயே அப்படியென்றால் நம் ஊரைச் சொல்லவே வேண்டாம். சுவரில் மாட்டிய காலண்டரில் தலைவர் படம். கொடியில் காயும் வேட்டியின் கரையிலேயே கட்சி நிறம். தெருமுனையில் கொடிக்கம்பம். அப்பா காலையில் முதலில் எடுக்கிற பத்திரிகை எது என்பதை வைத்தே வீட்டின் கட்சியைச் சொல்லிவிடலாம். இவ்வளவையும் தினம் பார்த்து வளர்கிற பிள்ளைக்கு நிறமும் சின்னமும் மனதில் ஏறுவதில் ஆச்சரியம் இல்லை. மாநில சுயாட்சி என்றால் என்ன, இடஒதுக்கீடு ஏன் வந்தது, உபரி மதிப்பு என்றால் என்ன என்பதை எந்த அப்பாவும் தினமும் சாப்பாட்டு நேரத்தில் உட்காரவைத்துச் சொல்வதில்லை.

பெயரைச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. தமிழ்நாட்டில் அரசியல் நம்பிக்கை குழந்தையின் மேலேயே எழுதப்படுகிறது. என் வருகைப்பதிவேட்டில் அண்ணாதுரை, காமராஜ், லெனின், அம்பேத்கர், பகத்சிங், இந்திரா, வெற்றிச்செல்வி, தமிழரசன் என எல்லாரும் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கிறார்கள். மு.க.ஸ்டாலின் பிறந்தது 1953 மார்ச் 1. சோவியத் தலைவர் ஸ்டாலின் இறந்தது மார்ச் 5. கைக்குழந்தைக்கு அந்தப் பெயரை வைத்தார் கருணாநிதி. இப்படிப் பெயர் வாங்கிய பிள்ளைகளுக்கு ஒரு தனி அனுபவம் உண்டு. பேசத் தொடங்குவதற்கு முன்பே அவர்கள் ஒரு பக்கத்தில் நிறுத்தப்பட்டுவிடுகிறார்கள். யாராவது பெயரைக் கேட்டுவிட்டு, "ஓ, அப்பா கட்சிக்காரரா?" என்று அடுத்த கேள்வியைப் போடுவார்கள். அம்பேத்கர் என்று பெயர் வைத்திருக்கிற பையனிடம் அந்தக் கேள்வி சாதியை விசாரிக்கிற கேள்வியாக மாறும். அவன் அதை எட்டு ஒன்பது வயதிலேயே கண்டுபிடித்துவிடுகிறான். பெருமையும் உஷாரும் சேர்ந்த ஒரு முகம் அப்போது அவனுக்கு வரும். அந்த முகத்தைப் பார்த்திருக்கிறேன்.

எந்த வயதில் என்ன

1950-களின் கடைசியில் ஃபிரெட் கிரீன்ஸ்டைன் என்பவர் நியூ ஹேவன் நகரத்துப் பள்ளிப் பிள்ளைகளிடம் அரசியல் பற்றிக் கேட்டார். ஒன்பது வயதுக்காரர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் தங்களுக்குப் பிடித்த கட்சி எது என்று சொன்னார்கள். கட்சிகளுக்குள் என்ன வித்தியாசம் என்று கேட்டால் பதில் இல்லை. ஜனாதிபதி நல்லவர், மேயர் நல்லவர், எல்லாருக்கும் உதவி செய்கிறார் என்றார்கள். அதாவது உணர்வு முதலில் வந்துவிடுகிறது, தகவல் பிறகு வந்து அதில் உட்காருகிறது.

ஆறேழு வயது வரை பிள்ளைக்கு அரசியல் என்பது பாட்டு, பட்டாசு, கொடி, பெரியவர்களின் குரல். ஓட்டு எண்ணிக்கை நாளில் அப்பா டிவி முன்னால் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தால், வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்றுதான் அது நினைக்கும். எட்டிலிருந்து பன்னிரண்டு வரை அது ஓர் அணி ஆட்டம். நாம், அவங்க. வகுப்பில் சண்டை வரும், "உங்க ஆளு தோத்துட்டாரு" என்று கேலி நடக்கும். வீட்டுக்கு வந்து கேள்வி கேட்பதும் இந்த வயதில்தான்.

"நைனா, நாம எந்தக் கட்சி?"

"இன்னாத்துக்குக் கேக்கற?"

"கிளாஸ்ல கேட்டாங்க. எனக்குச் சொல்லத் தெரியல."

இந்தக் கேள்வியில் 'நாம' என்ற சொல்லைக் கவனியுங்கள். பிள்ளை கொள்கை விளக்கம் கேட்கவில்லை. நம் குடும்பம் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது, நான் யார் பக்கம் நிற்க வேண்டும் என்று கேட்கிறது.

முரண்பாட்டைப் பார்க்கிற கண்

பத்து வயதுக்கு மேல் பிள்ளைகளுக்கு ஒரு கூர்மை வந்துவிடும். பெற்றோர் பேசுவதையும் செய்வதையும் அருகருகே வைத்துப் பார்க்க ஆரம்பிப்பார்கள். அரசியல் நம்பிக்கையின் உண்மையான பாடம் அப்போதுதான் தொடங்குகிறது என்பது என் எண்ணம்.

எங்கள் பகுதியில் பார்க்கிற ஒரு வீட்டைச் சொல்கிறேன். அப்பா பீடித் தொழிலாளர் சங்கத்தில் இருக்கிறார். கூட்டம், மனு, ஊர்வலம் என்று ஓடிக்கொண்டே இருப்பார். அம்மா வீட்டு வாசலில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றுகிறார். முறத்தில் ஒரு பக்கம் வெட்டிய இலை, ஒரு பக்கம் தூள். பதினொரு வயது மகள் பள்ளி விட்டு வந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து பீடிக்கு நூல் கட்டுகிறாள். வீட்டுப்பாடம் அப்புறம்தான். சாயங்காலம் அப்பா மேடையில் ஏறி, பீடி சுற்றும் பெண்களின் கூலி பற்றி உருக்கமாகப் பேசுகிறார். கூட்டத்தில் கைதட்டல். ராத்திரி பத்து மணிக்கு வீட்டுக்கு வந்து, இன்னும் முறத்தை இறக்கிவைக்காத அம்மாவைப் பார்த்து, "தண்ணி எடுத்தா" என்கிறார். அந்த மகள் இரண்டையும் பார்க்கிறாள்.

இத்தோடு நிறுத்தினால் அந்த அப்பாவுக்கு அநியாயம் செய்தவன் ஆவேன். இதே மகள் கையில் வருடா வருடம் பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கான கல்வி உதவித்தொகை வருகிறது. பீடி, சுருட்டுத் தொழிலாளர்களுக்கென்று 1966-ல் ஒரு சட்டம் வந்தது. 1976-ல் நலநிதிச் சட்டம் வந்தது. உதவித்தொகை அந்த நலநிதியிலிருந்து வருவது. அதற்கான படிவத்தை நிரப்பித்தரச் சொல்லி அப்பாவின் சங்க அலுவலகத்தில் ஊர்ப் பெண்கள் வரிசையில் நிற்பதை அவள் பார்த்திருக்கிறாள். வயதான ஒரு அம்மா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுததையும் பார்த்திருக்கிறாள். ஆக, அவளுக்குள் இரண்டு அப்பாக்கள் இருக்கிறார்கள். ஊருக்கு நியாயம் கேட்கிற அப்பா, வீட்டில் அதைக் கொண்டுவராத அப்பா. வளர்ந்த பிறகு அவள் சங்கத்துக்குப் போகலாம், போகாமலும் இருக்கலாம். எதுவானாலும், கூலி என்று யாராவது மேடையில் பேசினால் அம்மாவின் முறம்தான் அவளுக்கு ஞாபகம் வரும்.

இதேபோல இன்னும் சில உண்டு. சமத்துவம் பேசுகிற வீட்டில், வேலைக்கு வருகிறவருக்கு மட்டும் தனி டம்ளர் இருக்கும். சாதி ஒழிய வேண்டும் என்கிறவர் மகளுக்கு வரன் பார்க்கும்போது முதலில் சாதியை விசாரிப்பார். பிள்ளைகள் அப்போது எதுவும் சொல்வதில்லை. இருபது வயதில் ஒரு நாள் சண்டையில் எல்லாம் தேதி வாரியாக வெளியே வரும்.

2019 ஏப்ரலில் வேலூர் மக்களவைத் தொகுதியின் தேர்தல், பெருந்தொகை பறிமுதலானதைத் தொடர்ந்து, வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்னால் ரத்தானது. பிறகு ஆகஸ்ட் 5-ல் நடந்தது. நாடு முழுக்க நாளிதழ்களில் நம் ஊர் பெயர் வந்த நேரம் அது. "ஓட்டுக்குக் காசு தரது தப்புன்னா வாங்கறது தப்பில்லையா?" என்று பிள்ளைகள் கேட்டார்கள். பெற்றோர் பலருக்கு இது தர்மசங்கடமான கேள்வி. கட்சிக்காரர்களைத் திட்டிக்கொண்டே கவரை வாங்கி அலமாரியில் வைக்கிற வீட்டில் வளர்கிற பிள்ளை, ஊழல் என்பது மற்றவர்கள் செய்வது என்ற பாடத்தைக் கற்கிறது. இதைக் கேட்டால் பெரியவர்களுக்குக் கோபம் வரும். ஆனால் ஏழை வீட்டில் அந்தப் பணம் ஒரு மாத மளிகையாகவும் இருக்கும். பிள்ளைக்கு மளிகையும் தெரியும், திட்டும் தெரியும். இரண்டையும் மறைக்காமல் பேசுகிற அம்மாக்கள் சிலரைப் பார்த்திருக்கிறேன். "வாங்கினேன், கஷ்டம். ஆனா ஓட்டு என் இஷ்டத்துக்குத்தான் போட்டேன். நீ வளந்தப்புறம் வாங்காத நிலைமைல இருக்கணும்" என்று ஒரு அம்மா மகனிடம் சொன்னார். குடிமையியல் புத்தகத்தில் நான் நடத்திய எதையும்விட அந்தப் பையனுக்கு இது நன்றாகப் புரிந்தது.

நம்பிக்கையின் விலை

தீவிரமான கட்சிக்காரர் வீட்டில் பிள்ளைக்கு அரசியல் என்பது முதலில் அப்பா இல்லாமை. "அப்பா எங்க?" "மீட்டிங்." பள்ளி ஆண்டுவிழாவுக்கு வரமாட்டார், மாநாட்டுக்குப் போவார். தோரணம் கட்டவும் பேனர் அடிக்கவும் கைக்காசு போகும். அம்மாவின் தோடு அடகுக்கடைக்குப் போய்த் திரும்பி வர மாதங்கள் ஆகும். கிளைச் செயலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் விளக்க வேண்டியதில்லை.

வேலூருக்கு இதில் நீண்ட கதை இருக்கிறது. தொரப்பாடியில் இருக்கிற மத்திய சிறையைச் சுதந்திரப் போராட்ட வரலாற்றில் படித்திருப்பீர்கள். 1921 டிசம்பரிலிருந்து சுமார் மூன்று மாதம் ராஜாஜி அங்கே இருந்தார். 1940-ல் கைதான காமராஜரும் அங்கே இருந்தார். சிறையில் இருக்கும்போதே விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ராஜாஜி மனைவியை முன்பே இழந்தவர், ஐந்து பிள்ளைகளின் தகப்பன். அந்த மூன்று மாதம் அந்தப் பிள்ளைகளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று வரலாற்றுப் பாடம் கேட்பதில்லை. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் சிறை போனவர்கள், 1975-77 அவசரநிலையில் மிசாவில் கைதானவர்கள், தொழிற்சங்கப் போராட்டங்களில் உள்ளே போனவர்கள் என்று எல்லாருக்கும் பின்னால் ஒரு வீடு இருந்தது. அந்த வீட்டில் சிலருக்கு அது ஆயுள் முழுக்கப் பெருமை. சிலருக்கு, கொள்கை என்ற சொல்லைக் கேட்டாலே ஓர் ஒதுக்கம். ஒரே வீட்டு அண்ணன் தம்பிகளுக்குள்ளேயே இப்படி இரண்டு விதமாகவும் நடந்திருக்கிறது. மூத்தவன் அப்பாவைத் தலைவராகப் பார்த்திருப்பான். கடைசிப் பையன் பிறக்கும்போது வீட்டில் கடன் மட்டும் மிச்சம் இருந்திருக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சில பிள்ளைகளுக்கு அரசியல் அணி ஆட்டமாக இருக்கிற வசதியே கிடையாது. 2019 கடைசியில் குடியுரிமைத் திருத்தச் சட்டம் வந்தபோது, பெரியவர்கள் வீட்டில் தாழ்ந்த குரலில் பத்திரம், சான்றிதழ் என்று பேசுவதை, முஸ்லிம்கள் அதிகம் வாழும் ஆம்பூர், வாணியம்பாடிப் பிள்ளைகள் கேட்டார்கள். "நம்மள எங்கயாவது அனுப்பிடுவாங்களா?" என்பது ஒரு குழந்தையின் கேள்வியாக வந்தால், கட்சி விருப்பம் பற்றிய ஆய்வு எதுவும் அங்கே உதவாது. தலித் வீடுகளிலும் அப்படித்தான். 1989-ல் வட ஆற்காடு மாவட்டத்தைப் பிரித்தபோது வேலூரைத் தலைநகராகக் கொண்ட பகுதிக்கு வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று பெயர் வைத்தார்கள். 1990-களின் பிற்பகுதியில் அந்தப் பெயர் போய் வேலூர் மாவட்டம் ஆனது. பள்ளிச் சான்றிதழில் அந்தப் பெயரைப் பார்த்துப் பெருமைப்பட்ட பெரியவர்களை எனக்குத் தெரியும். அங்கே பெற்றோரின் அரசியல் என்பது தெருவில் நிமிர்ந்து நடப்பது எப்படி என்ற பாடம். அதை 'பிள்ளைகள் மேல் திணித்த கருத்து' என்று யாராவது சொன்னால் எனக்கு ஒப்பவில்லை.

ஒரே கூரை, இரண்டு கட்சி

1972 அக்டோபரில் அதிமுக பிறந்தபோது ஒரே வீட்டுக்குள் அண்ணன் ஒரு பக்கமும் தம்பி ஒரு பக்கமும் ஆனார்கள். அப்போது பத்து வயதாக இருந்தவர்களுக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது. பெரியப்பா வீட்டுக்குப் போகக் கூடாது என்று சொன்னது, பொங்கலுக்குத் தனித்தனியாகப் பொங்கல் வைத்தது என்று இன்றைக்கும் சொல்வார்கள். கட்சிப் பிளவின் காரணங்கள் அவர்களுக்கு அப்போது தெரியாது. தெரிந்ததெல்லாம், கூட விளையாடிய பெரியப்பா மகன் திடீரென்று வருவதில்லை என்பதுதான்.

ஆனால் கருத்து வேறுபாடு எப்போதும் காயம்தான் என்று நினைக்க வேண்டாம். கறுப்புச் சட்டை அப்பாவும் சாமி கும்பிடும் அம்மாவும் உள்ள வீடுகள் குடியாத்தத்தில் ஏராளம். வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசு ஊர்வலத்துக்கு அம்மா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவார். அப்பா வரமாட்டார், தடுக்கவும் மாட்டார். சில அப்பாக்கள் தெருமுனை வரை வந்து, கூட்டத்தில் சின்னவன் தொலைந்துவிடாமல் தோளில் தூக்கி மாமாவிடம் கொடுத்துவிட்டுத் திரும்புவார்கள். ஒருவரை நேசித்துக்கொண்டே அவர் கருத்தை ஏற்காமல் இருக்கலாம் என்று அந்தப் பிள்ளைக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. அது தினமும் கண்ணில் படுகிறது.

அப்பாவும் அம்மாவும் வேறு வேறு கட்சி என்றால் பிள்ளை யார் பக்கம் போகும்? அப்பா பக்கம்தான் என்று நம் ஊரில் அடித்துச் சொல்வார்கள். 1965 ஆய்வின் தரவு வேறு சொன்னது: அம்மாவின் பக்கம் சற்றே கூடுதலாகச் சாய்ந்தார்கள். நம் ஊரில் அம்மாக்களின் அரசியலை யாரும் கேட்பதில்லை, அதனால் தெரிவதும் இல்லை. ரேஷன் கடை, மகளிர் குழு, குழாயில் தண்ணீர் வராத நாள், பெண் பிள்ளையின் காலேஜ் பஸ் என்று அந்த அரசியல் கட்சிப் பெயர் இல்லாமல் நடக்கிறது. பிள்ளை பக்கத்திலேயே இருந்து அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

ஜாக் மெக்லியட், ஸ்டீவன் சாஃபி என்ற இரண்டு தகவல்தொடர்பு அறிஞர்கள் 1970-களில் வீடுகளை இரண்டு நோக்கில் பார்த்தார்கள். சில வீடுகளில் பெரியவர் சொன்னால் எதிர்த்துப் பேசக் கூடாது, அமைதிதான் முக்கியம். சில வீடுகளில் காரணம் சொல்லி மறுத்துப் பேசலாம். இரண்டாவது வகை வீட்டுப் பிள்ளைகளுக்கு அரசியல் பற்றிய அறிவும் ஆர்வமும் கூடுதலாக இருந்தன. வீடு எந்தக் கட்சி என்பது அங்கே விஷயமே இல்லை.

பதினேழு வயதில் என்ன நடக்கிறது

பெற்றோர் அதிகம் பயப்படுவது இந்த வயதைப் பார்த்துத்தான். கார்ல் மான்ஹைம் என்ற சமூகவியலாளர் 1928-லேயே ஒன்று சொன்னார்: இளமையின் தொடக்கத்தில் ஒருவர் நேரில் எதிர்கொள்ளும் பெரிய நிகழ்ச்சிகள் அவர் உலகத்தைப் பார்க்கும் விதத்தையே வடிவமைக்கின்றன. அதனால்தான் ஒரே வீட்டில் தாத்தாவுக்கு ஓர் அரசியல், பேரனுக்கு ஓர் அரசியல். குடியாத்தத்தில் 1954 இடைத்தேர்தலைப் பார்த்த தாத்தாவுக்குக் காமராஜர்தான் எல்லாம். முதலமைச்சர் ஆன பிறகு அவர் இங்கே நின்றுதான் சட்டமன்றம் போனார். பெரியாரும் ஆதரித்தார், திமுகவும் ஆதரித்தது. 1967-ல் இளைஞராக இருந்தவருக்கு அண்ணா. 1987 செப்டம்பரில் வன்னியர் இடஒதுக்கீட்டுக்காக ஒரு வாரம் நடந்த சாலை மறியலைப் பார்த்தவர்களுக்கு அந்த வாரம். இப்போது காட்பாடியில் கல்லூரி படிக்கிறவளுக்கு நீட், வேலை, போனில் வருகிற வீடியோ.

எலியாஸ் டினாஸ் என்ற ஆய்வாளர் 2014-ல் வெளியிட்ட கண்டுபிடிப்பு, தீவிரக் கட்சி வீடுகளுக்கு ஒரு செய்தி வைத்திருக்கிறது. அரசியல் அதிகம் பேசுகிற வீட்டுப் பிள்ளைகள் சிறுவயதில் பெற்றோரின் கட்சியை உறுதியாகப் பிடித்துக்கொள்கிறார்கள். வெளியே போய்ப் புதிய சூழலைப் பார்த்ததும் அதை விட்டுவிடுகிற வாய்ப்பும் அவர்களுக்குத்தான் அதிகம். காரணம், அந்த வீடுகள் பிள்ளைக்குக் கட்சியோடு அரசியல் பேசுகிற பழக்கத்தையும் கொடுத்துவிடுகின்றன. வீட்டை விட்டுப் போனதும் அவர்கள் மற்றவர்களோடும் பேசுகிறார்கள், மாறுகிறார்கள். மகன் வேறு கட்சிக்குப் போனால் வளர்ப்பு தவறு என்று புலம்புகிற அப்பாக்களிடம் இதைச் சொல்லியிருக்கிறேன். சிலருக்கு ஆறுதலாக இருந்தது.

இன்னொரு ஆய்வு, கிறிஸ்டோபர் ஒஹேடாவும் பீட்டர் ஹடேமியும் 2015-ல் செய்தது. பிள்ளை பெற்றோரின் கட்சியை எடுத்துக்கொள்வதற்கு இரண்டு படிகள் இருக்கின்றன என்றார்கள். முதலில், அம்மா அப்பா என்ன நினைக்கிறார்கள் என்பதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். அப்புறம் அதை ஏற்பதா வேண்டாமா என்று தீர்மானிக்க வேண்டும். முதல் படியிலேயே கணிசமான பிள்ளைகள் தவறாகப் புரிந்துவைத்திருந்தார்கள். "என் பையன் அப்படியே என்னைப் போல" என்று நாம் நினைப்பதும், "அப்பாவை எதிர்த்து நான் வேறு வழி போகிறேன்" என்று அவன் நினைப்பதும், இரண்டுமே பிசகாக இருக்கலாம். அப்பாவின் கருத்து என்னவென்று அவன் கேட்டதே இல்லை, அவர் சொன்னதும் இல்லை.

என்ன பேசலாம்

கேட்டால் சொல்லுங்கள். "சின்னப் பசங்களுக்கு எதுக்கு அரசியல்?" என்று வாயை அடைத்தால், அந்த இடத்தை வாட்ஸ்அப் குழு நிரப்பும். "நான் இந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடறேன். எங்க அப்பா காலத்துல பள்ளிக்கூடம் போக முடிஞ்சதே இவங்களாலதான்னு அவரு சொல்லுவாரு, அதனால" என்று காரணத்தோடு சொன்னால் எட்டு வயதுக்குப் போதும். கூடவே, "எதிர்வீட்டு மாமா வேற கட்சி. அவரு ஏன் அப்படி நெனைக்கிறாருன்னு நீயே போய்க் கேளு" என்று அனுப்பிப் பாருங்கள். மாமா சந்தோஷமாக அரை மணி நேரம் பேசுவார். எதிர்க்கட்சிக்காரரும் முறுக்கு கொடுக்கிற மனுஷர்தான் என்று பிள்ளை தெரிந்துகொண்டு வரும்.

எதிர்க்கட்சித் தலைவரை வீட்டில் எந்தச் சொல்லால் குறிப்பிடுகிறோம் என்பதையும் பாருங்கள். அதே சொல்தான் மறுநாள் வகுப்பில் இன்னொரு பிள்ளையின் மேல் விழுகிறது. நானே பலமுறை பஞ்சாயத்து செய்திருக்கிறேன்.

பிரசாரத்துக்குக் கூட்டிப்போவது வேறு விஷயம். தேர்தல் பணிகளில் குழந்தைகளை எந்த விதத்திலும் பயன்படுத்தக் கூடாது என்று தேர்தல் ஆணையம் 2024 பிப்ரவரியில் கட்சிகளுக்குக் கண்டிப்பாக அறிவுறுத்தியது. துண்டறிக்கை கொடுக்கவைப்பது, கோஷம் போடவைப்பது, தலைவர்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாக்குக் கேட்பது எல்லாம் இதில் அடங்கும். பெற்றோரோடு சும்மா வந்து, பிரசாரத்தில் எதுவும் செய்யாமல் பக்கத்தில் நிற்கிற குழந்தையை அது குற்றமாகச் சொல்லவில்லை. எனக்கு இது சரியான கோடாகப் படுகிறது. கூட்டத்தைப் பார்க்கட்டும், கேட்கட்டும். வாயில் கோஷத்தை நாம் வைக்க வேண்டாம்.

பாதை எதிர்த்திசையிலும் போகும். தேர்தல் சமயத்தில் பள்ளிப் பிள்ளைகளிடம் உறுதிமொழிக் கடிதம் கொடுத்து, கட்டாயம் வாக்களிப்போம் என்று பெற்றோரிடம் கையெழுத்து வாங்கிவரச் சொல்வது தேர்தல் ஆணையத்தின் விழிப்புணர்வு வேலைகளில் ஒன்று. அந்தக் காகிதத்தை நீட்டிக்கொண்டு பிள்ளை நின்றால், பத்து வருடமாக ஓட்டே போடாத அப்பாவும் கொஞ்சம் நெளிவார்.

1989-ல் வாக்களிக்கும் வயது 21-லிருந்து 18 ஆனது. அதனால் முதல் ஓட்டு இப்போது பெரும்பாலும் பெற்றோர் வீட்டில் இருக்கும்போதே வந்துவிடுகிறது. அன்று வீட்டுக்கு வந்ததும் "யாருக்குப் போட்ட?" என்று எல்லாரும் கேட்பார்கள். சொல்ல விருப்பம் இல்லையென்றால் சொல்ல வேண்டியதில்லை என்பதைப் பெற்றோரே முன்கூட்டிச் சொல்லிவிட்டால் நல்லது. 17 வயது முடிந்ததுமே, வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்ப்பதற்கான படிவம் 6-ஐ முன்கூட்டிக் கொடுத்துவைக்கலாம். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் தேதி தகுதி நாள். அவற்றில் எதற்குள் 18 நிறைகிறதோ அப்போது பெயர் பட்டியலில் சேரும். வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் நேரில் கொடுக்கலாம், ஆன்லைனிலும் அனுப்பலாம். உங்கள் கட்சிக்குப் போடுவாளா என்று கேட்காமல் மகளுக்கு அந்தப் படிவத்தை வாங்கிக்கொடுங்கள்.